பின்வரிசைக்கு இரண்டு மைக்

“அந்த இரண்டு மைக்கையும் வேண்டாம் என்று அடித்தது நீங்கள்தான் சார்.” மைக் கடை ஜமால் பாய் இறந்த அன்று நான் சொல்லாதது இதுதான். ஊராட்சி ஒன்றியக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் பெரம்பலூரிலிருந்து தொலைபேசி வந்தது. கடையிலேயே மாரடைப்பாம். எங்கள் அலுவலக மேலாளர் இரங்கல் சொல்ல உடனே மேடை மைக்கைப் பிடித்தார். “சொன்னதைச் செய்வாரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு” என்றார். தட்டச்சரான நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அது பொய்.

வளைகுடாவில் பல ஆண்டுகள் கூட்ட அறைகளுக்கு மைக் பொருத்திவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியவர் அவர். எங்கள் புதிய அறைக்குத் திட்டம் போட வந்தபோது மேடைப் பக்கமே போகவில்லை. நேராகப் பின்வரிசைக்குப் போனார். பெண் உறுப்பினர்கள் உட்காரும் இடம் அது. ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்த உறுப்பினர் பாப்பாத்தியம்மாவை அங்கே உட்காரவைத்து, “வூட்ல பேசுற மாதிரி பேசுங்கம்மா” என்றார்.

“வூட்ல பேசுனா தெருவுக்கே கேக்கும் பாய். அப்புறம் உங்களுக்குப் பொழப்பு ஏது?”

பாய் சிரித்துக்கொண்டே, அந்த அம்மாவின் வாய்க்கும் மேசைக்கும் உள்ள தூரத்தைச் சாண் போட்டு அளந்தார். மேடைக்கு இரண்டு, பின்வரிசைக்கு இரண்டு என்று தாளில் வரைந்தார். மேலாளர் பின்வரிசை மைக்குகளைச் சிவப்பு மையால் அடித்தார்.

“நாலும் மேடைக்கே போடுங்க பாய். அவங்க என்னத்தப் பேசப் போறாங்க?”

“பேசலன்னா மைக் சும்மா இருக்கும் சார். மைக் இல்லன்னா பேசுனது சும்மா போயிடும். சரி, அடிச்ச எடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

மேலாளர் முறைத்தார். ஆனாலும் போட்டார். அந்தத் தாளை என்னிடம் தந்து, “பத்திரமா வைங்கம்மா” என்றார் பாய்.

கூட்டத்தைக் கேசட்டில் பதிவுசெய்து, அதைக் கேட்டுத்தான் நான் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்வேன். பள்ளிக்கூடப் பாதையோரச் சுண்ணாம்புக்கல் குழிக்கு வேலி வேண்டும் என்று பாப்பாத்தியம்மா மூன்று கூட்டங்களில் கேட்டார். கேசட்டில் அது இரைச்சல். மேலாளரின் “பார்க்கலாம்” மட்டும் துல்லியம். இரைச்சலை நான் தட்டச்சு செய்யவில்லை. கூட்டத்தில் என் காதால் கேட்டதையும் செய்யவில்லை.

“நான் கேட்டது எங்க சார்?” என்று பாப்பாத்தியம்மா குறிப்பைத் தூக்கிக் காட்டியபோது, “மைக்குக்காரர் சரியா வைக்கல” என்றார் மேலாளர். மைக்கைச் சரிபார்க்க வந்திருந்த பாய் அங்கேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் குனிந்துகொண்டேன். அதோடு எங்கள் அலுவலக வேலை அவருக்கு நின்றது. அதற்காக ஒருமுறைகூட அவர் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பாய் இறந்த அன்று, மேலாளரின் இரங்கல் முடிந்ததும் பின்வரிசையில் பாப்பாத்தியம்மா எழுந்தார். “எங்களுக்கு மைக்கு வரைஞ்ச மனுசன் அவரு. வேணாம்னு அடிச்சவங்க இங்கதான் ஒக்காந்திருக்காங்க.” கேசட்டில் இதுவும் இரைச்சல். எனக்கு என் மேல் வந்த கோபம் மேலாளர் மேல் வந்ததைவிடப் பெரியது. காதால் கேட்ட அந்த வாக்கியங்களை, பாப்பாத்தியம்மாவின் பெயரோடு, அப்படியே தட்டச்சு செய்தேன். பாயின் தாளையும் அதனுடன் இணைத்து மேலாளரின் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. இரண்டு வாக்கியங்களும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. தாளைக் காணவில்லை. அதை அனுப்பும் முன் நான் எடுத்துவைத்த நகல் என்னிடம் இருக்கிறது. குழிக்கு இன்னும் வேலி போடவில்லை.