வெறும் பையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனால் வெறுமனே திரும்பி வராது. குழம்பு கொடுத்த கிண்ணத்தைக் கழுவி, அதில் ஒரு கை சர்க்கரையோ, இரண்டு கொத்து கறிவேப்பிலையோ, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கல் உப்போ போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த உப்பு இருக்கிற வரைக்கும் யாரும் யாரிடமும் கை நீட்டியதாக ஆகாது. திருவொற்றியூருக்கு நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் பழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை அவனுக்கு. ஆள் மலை மாதிரி இருந்தவன். இப்போது காலும் வயிறும் ஊதி, மற்றதெல்லாம் வற்றிப் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். அவன் முறை மதியம். நேரத்துக்குப் போகவில்லையென்றால் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தரம் மழையில் மாட்டிக்கொண்டு அப்படித் தவறிப் போனது. நெஞ்சில் நீர் ஏறி, படுக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தான். அதைப் பார்த்ததிலிருந்து அவன் பெண்டாட்டிக்கு ஒரே பயம்தான். முறை தவறக் கூடாது.

அவள் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறவள். போகாத நாளுக்குக் கூலி இல்லை. அடிக்கடி போகாவிட்டால் வேலையே இல்லை. அதனால் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போவது நான். காலையில் என் இட்லிக் கடை முடிந்ததும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொள்வேன். மீந்துபோன இட்லி என்று ஒரு டப்பா அவர்கள் வீட்டுக்குப் போகும். எனக்கு இட்லி மீந்து எத்தனையோ வருஷமாகிறது. அது அவளுக்கும் தெரியும். டப்பா திரும்பி வரும்போது உள்ளே ஏதாவது இருக்கும். ஒரு நாள் ஒரே ஒரு ஏலக்காய் இருந்தது. டீயில் தட்டிப் போட்டுக் குடித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பக்கத்து நற்பணி மன்றத்தின் தலைவன் வந்தான். மனை வாங்கி விற்கிற தரகன். கையில் போனை வைத்துக்கொண்டே பேசுவான்.

"ஆயா, நம்ம ஆளுக்கு மன்றத்துலேர்ந்து உதவி பண்றோம். அரிசி, மளிக, கொஞ்சம் துட்டு. வியாழக்கெழம காலைல பங்ஷன். அவன் ஸ்டேஜுல வந்து குந்தினா போதும்."

"வியாழக்கெழம அவனுக்கு மெஷின் கீது நைனா."

"மெஷின் மத்தியானந்தான? அதுக்குள்ள முட்ச்சிடுவோம்."

"வூட்டாண்ட குட்த்துட்டுப் போயேன். அரிசிக்கு இன்னாத்துக்கு ஸ்டேஜு?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சாதான ஆயா, அவங்களுக்கும் குடுக்கத் தோணும்" என்று சிரித்தான்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் ஒத்துக்கொண்டாள். "ஊசி மருந்து வெளிய வாங்கியாரச் சொல்லிக்கீறாங்க ஆயா. மானத்த ஊசில ஏத்திப் போட முடியுமா?" என்றாள்.

வியாழக்கிழமை தெருமுனையில் மேடை போட்டிருந்தார்கள். பின்னால் பெரிய பிளக்ஸ். மன்றத்துக்காரர்கள் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிறப்பு விருந்தினர் கும்பிட்டபடி. டேங்கர் லாரிகள் வைத்திருக்கிற முதலாளியாம். மேடைக்குக் கீழே தனியாக ஒரு தட்டி. அதில் பக்கத்து வீட்டுக்காரன் படம் மட்டும், ஆள் உயரத்துக்கு. கல்யாணப் படத்தில் வெட்டி எடுத்தது. அவன் கையைப் பிடித்திருந்த பெண்டாட்டியின் விரல்கள் மட்டும் ஓரத்தில் மிச்சமிருந்தன. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். எல்லார் பேரும் இருந்தது. அவன் படத்துக்குக் கீழே மட்டும் பேர் இல்லை. 'ஏழை நோயாளி' என்று போட்டிருந்தார்கள்.

வெயிலில் அவனை உட்கார வைத்தார்கள். முதலாளி வரவில்லை. சாலையில் கண்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன, வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். மைக்கில் ஒருத்தனை ஒருத்தன் வள்ளல் என்றான். ஒருத்தனுக்கு ஒருத்தன் சால்வை போட்டான். நடுவில் ஒருத்தன் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து, குடிப்பது மாதிரி போட்டோ எடுக்க வேண்டும் என்று அவன் வாயருகே வைத்தான். இளநீர் இவனுக்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் மேடையேறி அதை வாங்கி நானே குடித்துவிட்டு, வெறும் கூட்டைக் கொண்டுவந்தவன் கையிலேயே கொடுத்தேன்.

பிறகு தலைவன் வந்து அவன் தோளில் ஒரு கை போட்டு, இன்னொரு கையால் அவன் இடது கையை இறுக்கிப் பிடித்தான். மெஷின் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் நரம்பை அறுத்துச் சேர்த்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி இருக்கும். அமுக்கக் கூடாது. தலைவன் கையை நான் தட்டிவிட்டேன்.

"இன்னா ஆயா, போட்டோக்குத்தான."

"அது அவன் உசுரு. ஒனுக்குக் கைப்பிடியா?"

நேரமாகிவிட்டது. அவன் பெண்டாட்டி கீழே நின்று என்னைப் பார்த்தாள், மேடையில் இருந்த அரிசிப் பையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆயா. மணலிய தாண்டிட்டாராம்" என்றான் தலைவன்.

பக்கத்து வீட்டுக்காரனே எழுந்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "போலாம் ஆயா" என்றான்.

"நீ பூட்டா நாங்க யாருக்குக் குடுக்கறது?"

"நாற்காலிக்குக் குடு" என்று சொல்லிவிட்டு அவனைக் கீழே இறக்கினேன். அவளும் கூடவே வந்தாள். ஆட்டோக்காரன் லாரிகளுக்கு நடுவில் பூந்து போனான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட வாயைத் திறந்திருந்தாள். இவனைப் பார்த்ததும், "எங்கய்யா போனே?" என்று திட்டிக்கொண்டே படுக்க வைத்தாள். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தால் மேடையைப் பிரித்துவிட்டார்கள். தட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அவன் படத்துக்குப் பெரிய ரோஜா மாலை போட்டிருந்தது.

மூலையில் பூ விற்கிறவள்தான் நடந்ததைச் சொன்னாள். முதலாளி அவசரமாக வந்து இறங்கினாராம். காலி நாற்காலி, ஆள் உயரப் படம். போகிற இடமெல்லாம் படத்துக்கு மாலை போட்டுப் பழகிய மனுஷன். கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, படத்துக்குப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றாராம். "எப்ப தவறுனாரு?" என்று வேறு கேட்டாராம்.

"ஒருத்தனும் சொல்லலியா?" என்றேன்.

"சொன்னா அவருக்கு அசிங்கமா பூடுமாம் ஆயா. எல்லாரும் சேர்ந்து தலய தொங்கப் போட்டுக்கினு நின்னானுங்க. போட்டோ வேற."

அவன் பெண்டாட்டி தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அவன்தான் மாலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "ரோஜாவா? கல்யாணத்துக்கே நமக்கு சம்பங்கிதான போட்டாங்க" என்றான். அந்தச் சிரிப்பில் கூட அவளுக்கு முகம் தெளியவில்லை. மாலையைப் பிய்த்துக் கீழே போட்டாள். தட்டியைச் சாய்த்து, படம் தரையைப் பார்க்கும்படி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வாசலில் அரிசிப் பை கிடந்தது. பை முழுக்க முதலாளி முகம். மேலே ஒரு கவரில் பணமும் இருந்தது.

"எனுக்கு வேணாம் ஆயா. பொணத்துக்குப் போட்ட வாய்க்கரிசி" என்றாள்.

"அரிசி இன்னாடி பண்ணுச்சி? துட்ட ஊசிக்கு எட்த்து வை. கலீஜ் பண்ணது அவனுங்க."

அரிசியைத் தவலையில் கொட்டினாள். பணத்தை மருந்து டப்பாவில் வைத்தாள். வெறும் பையை உதறி மடித்தாள். அவன் படுத்தபடியே, "பைய திருப்பிக் குடுக்கணுமில்ல?" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தெருமுனைக்குப் போய் அந்த மாலையை எடுத்து வந்தேன்.

மறுநாள் கடை முடிந்ததும் பையோடு தலைவன் வீட்டுக்குப் போனேன். லுங்கியோடு இறங்கி வந்தான்.

"இன்னா ஆயா இது?"

"ஒங்க பை. வெறுமனே திருப்பிக் குடுக்கற பழக்கம் எங்க தெருவுல இல்ல."

உள்ளே பார்த்தான். இதழெல்லாம் கறுத்திருந்தது. கொஞ்சமாவது முகம் மாறும் என்று பார்த்தேன்.

"துட்டு குட்த்து வாங்குன மால ஆயா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த மால போட்ட போட்டோவ போன்ல போட்டுக்கலாமா? மொதலாளி கேக்கறாரு. நல்லா வந்துகீது" என்றான்.

"ஆளு உயிரோட கீறான்" என்றேன்.

"அது தெரியும் ஆயா."

என் வாயில் வெற்றிலை இருந்தது. அடுத்தவர் வாசலில் துப்பி எனக்குப் பழக்கமில்லை. முனை வரை அடக்கிக்கொண்டு வந்து, சாக்கடையில் துப்பினேன். மறுநாள் சனிக்கிழமை. அவனுக்கு மெஷின். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மாவுக்கு ஊறப் போட்டேன்.