மூன்று இழைக் கம்பி

காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் நடுவே, கடலைப் பார்த்தபடி இருந்த ஓர் ஐஸ் ஃபேக்டரியில் நான் வயர்மேனாக வேலை பார்த்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பிறந்தாயிற்று. ஆனாலும் பொசுக்கென்று கோபம் வரும். அதைக் கிளப்புவதற்கென்றே ஃபேக்டரியில் ஒரு கரும்பலகை இருந்தது.

ஐஸ் போடும் கம்ப்ரஸரை ஒரு பெரிய மோட்டார் ஓட்டியது. அதற்கு முன்னால் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி, உள்ளே மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய செம்புக் கம்பி ஓர் இழை கட்டியிருக்கும். மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் கம்பி உருகி அறுந்துவிடும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மோட்டார் நின்றால் ஐஸ் நிற்கும். ஐஸ் நின்றால் ஜன்னலுக்கு வெளியே கூடையோடு காத்திருக்கும் மீன்காரம்மாக்கள் வயர்மேனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவார்கள். மேனேஜர் வந்து, கரும்பலகையில் அந்த ஷிஃப்ட்காரன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார்.

காலை ஷிஃப்ட் எனக்கு, மதியம் இரண்டு மணிக்கு மேல் என் தோஸ்துக்கு. இரவில் பெரிய மோட்டார் ஓடாது. எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் கட்டைக்கு அவரவரே கம்பி கட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்போம். ஷிஃப்ட் மாறும்போது மோட்டாரை நிறுத்தி, ஒருவன் கட்டையை இன்னொருவன் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டுவான். அடுத்தவன் கட்டிய கம்பியை நம்பி ஸ்விட்ச் போடக்கூடாது என்று யாரோ எப்போதோ ஆரம்பித்து வைத்தது. வேறெந்தக் கம்பெனியிலும் நான் இதைப் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கு டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் வருவது இன்றும் கண்ணில் நிற்கிறது. அமோனியா நெடி, காலில் வந்து படும் ஐஸ் அறைக் குளிர், "இன்னா மாமு, வூட்டுக்குக் கெளம்பலயா?" என்ற அவன் குரல். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றால் என் மனைவி சிரிப்பாள். ஆனால் உண்மை அதுதான்.

அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான். தெருவே சிரித்த சிரிப்பில்தான் கரைவேலைக்கு வந்தான். முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் ஸ்விட்ச் பெட்டி வெடித்ததை நேரில் பார்த்தவன். அதனால் பெட்டிக்கு நேரே நிற்கவே மாட்டான். ஓரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளுவான்.

"புதுப்பொண்ணு மாறி இன்னாத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கற?" என்று கிண்டல் செய்வேன்.

"இருக்கறது ஒரு மூஞ்சி, மாமு" என்பான்.

ஒரு வாரம் என் பெயருக்கு நேரே நாலு கோடு விழுந்தது. மேனேஜர் தெற்கத்திக்காரர், முதலாளிக்கு உறவு. "கோடு வாங்கத்தான் வேலைக்கு வாறியாடே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அன்று வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையிலும் ஓர் இழைக்குப் பதில் மூன்று இழையாகக் கட்டினேன்.

அதற்குப் பிறகு என் ஷிஃப்டில் ஒரு கோடுகூட இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அவன் பாடுதான் திண்டாட்டம். மதிய வெயிலில் மோட்டார் திணறும், அவனுடைய ஒற்றை இழை அறுந்துகொண்டே இருக்கும். முன்பு இரண்டு பேருக்கும் விழுந்த கோடு இப்போது அவனுக்கு மட்டும் விழுந்ததால், அவனுக்கு வேலை தெரியாது என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். "இன்னும் ஒரு கோடு விழட்டும், வீட்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டார். வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனையில் பழைய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை வைத்தார்கள். இனி கரண்ட் குறைச்சல் இருக்காது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவன் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"மாமு, முன்னல்லாம் ஷார்ட்டு ஆனா தெருக்கொழா தண்ணி மாறி வரும். இப்ப செங்குன்றம் ஏரி ஒடைஞ்ச மாறி வரும். நம்ம பொட்டி பயய பொட்டி. அறுபது ஆம்பியர்னு எய்தி கீதே, அது தெனம் தூக்கற சொமை. அடி வுழுந்தா எவ்ளோ தாங்கும்னு எவன் பார்த்தான்?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் வேலை போய்விடுமே என்பதுதான் என் மனசை அரித்தது. இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், நான் மூன்று இழை கட்டியதைக் கொட்டிவிட்டேன். எனக்கு நாலு திட்டு விழும், அவன் தப்பித்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவர் திட்டவே இல்லை. சிரித்தார். "இவ்வளவுதானா? இதை ஏம்டே இத்தனை நாள் சொல்லலை? இனிமே அவனும் மூணு கட்டட்டும்" என்றார்.

இரண்டு மணிக்கு அவன் வந்ததும் அதையே அவனிடமும் சொன்னார்.

"நான் கட்ட மாட்டேன், சார். பொட்டி வெடிச்சுரும்."

"அப்ப நீ வேண்டாம், போ."

அவ்வளவுதான். காப்பாற்றப் போன நானே அவன் வேலைக்கு உலை வைத்துவிட்டேன். அவன் டின்னை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தான். "எனுக்கு மொதல்லயே தெரியும், மாமு. தெனம் உன் கட்டைய கயட்டிக் குடுக்கறவன் நானு. பாக்க மாட்டேனா?" என்றான். தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது கோபம். "கட்டித் தொலைச்சா இன்னாடா? வேலையாவது மிஞ்சும்ல?" என்று கத்தினேன். அவன் டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். அப்படிக் கத்தியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவன் இடத்துக்குப் புது ஆள் வந்தான். மூன்று இழைக் கம்பி இரண்டு ஷிஃப்டிலும் ஓடியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வழக்கம்போல் ஆறு மணிக்கு ஸ்விட்ச் போட்டேன். மோட்டாருக்குப் போகும் ஒயர், இரும்புக் குழாயின் விளிம்பில் உரசி உரசி மேல்தோல் போயிருந்தது எனக்குத் தெரியாது. கைப்பிடியைத் தள்ளும்போது ஜன்னலில் ஒரு மீன்காரம்மா, "யோவ், ஐஸு குடுப்பியா மாட்டியா?" என்று கத்தினாள். சண்டைக்குத் திரும்பினேன். அந்த நொடியில் ஒயர் குழாயில் பட்டு ஷார்ட் ஆனது; மூன்று இழையும் சட்டென்று அறாமல் பெட்டி வெடித்தது. இரும்பு மூடி என் காதை உரசிக்கொண்டு பறந்து எதிர்ச்சுவரில் மோதியது. புருவம் பொசுங்கி, வலது புறங்கை வெந்துவிட்டது. நேரே பார்த்து நின்றிருந்தால் முகமே இருந்திருக்காது.

மேனேஜர் ஓடி வந்தார். புதுப் பெட்டி வாங்குகிறேன், பீங்கான் குழாய்க்குள் மணல் அடைத்து வரும் ஃபியூஸ் போடுகிறேன், அதில் யாரும் இழை சேர்க்க முடியாது என்றெல்லாம் பேசினார். கடைசியில், "அவனைக் கூட்டிட்டு வாடே" என்றார்.

அன்றே கையில் கட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றிருந்தவன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மனைவி வெளியே வந்தாள்.

"இன்னாண்ணா ஆச்சு? காத்தால மோட்டாரு சத்தம் கேக்கலன்னு இந்தாளு வூட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்துகினு கீறாரு. வேலை வுட்டு நின்ன நாள்லேருந்து இதே ரோதனை. ஆறு மணிக்கு உங்க மோட்டாரு ஓடற சத்தம் கேட்டாத்தான் டீயே குடிப்பாரு. இன்னாய்யான்னு கேட்டா, 'இரு, மாமு ஸ்விட்சு போடறான்'ங்கறாரு."

"சும்மா கெட" என்று அவன் அவளை அதட்டினான்.

மேனேஜர் சொல்லியனுப்பியதை மறந்தே போனேன். நடுத்தெருவில் நின்று அழுதேன். ஃபேக்டரியிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவன் வீடு. அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு நாள்கூடப் போய் எட்டிப் பார்க்கவில்லை.