தட்டை வாங்காத ஆசாரி

செருக்கு அழிவைத் தரும் என்ற பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன். பாடப் புத்தகத்து அரசன் முதல் பக்கத்தில் மீசையை முறுக்குவான், கடைசிப் பக்கத்தில் மண்ணைக் கவ்வுவான். அவன் விழும் இடம்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். நாடும் படையும் வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டவன் விழுந்தால் விழட்டும், எனக்கென்ன. ஆனால் அதே பாடத்தைக் கொண்டுவந்து என் அப்பாவின் தலையிலும் கட்டினார்கள். "ஆசாரி திமிராலதான் அழிஞ்சான்" என்று காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வரைக்கும் ஒரே பேச்சு. அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இனியும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அப்பா தச்சு வேலை செய்தவர். கோட்டையூரில் குடியிருந்தோம். அவரைச் சாது என்று சொல்லி யாரையும் ஏமாற்றப் போவதில்லை. குழம்பில் குறை சொல்வார். வேறொருவர் செய்த கதவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து யோசனை சொன்னால் உளியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டதில்லை, கெட்டுப்போன மரத்தை நல்ல மரம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில், நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம், மலேயாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் காரைக்குடியில் புது வீடு கட்டினார். நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. அந்த வேலையை நம்பித்தான் என்னை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். பயிற்சிப் பள்ளியின் நிர்வாகத்தில் அந்த வீட்டுக்காரரும் ஒருவர். எனக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அப்போதே என்னைக் கேலியாக டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சும்வரை வாசல் கதவின் சாவி ஆசாரியிடம்தான் இருக்கும். முந்தின நாளே அவர் மரத்தின் தோஷம் போகப் பூசணிக்காய் வெட்டித் தச்சுக் கழித்துவிடுவார். மறுநாள் காலையில் வீட்டுக்காரரும் மனைவியும் சேர்ந்து நின்று, வேட்டி துண்டு வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு அவர் சாவியைக் கொடுப்பார். வருடம் முழுக்க 'ஏ ஆசாரி' என்று கூப்பிட்டவர்கள் அந்த ஒரு காலையில் அவர் முன்னால் இரண்டு கையையும் நீட்டி நிற்பார்கள். அவ்வளவுதான் அந்த வழக்கம். அதற்கு மேல் அப்பா எதையும் கேட்டதில்லை.

அந்தக் காரைக்குடி வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று வீட்டுக்காரரைத் தேடிப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அவர் பந்தலில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டு, கணக்கப்பிள்ளையின் கையில் தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டார். அம்மாவும் நானும் வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புடிங்க ஆசாரி. மொதலாளி குடுக்கச் சொன்னாக," என்றார் கணக்கப்பிள்ளை.

"அவுக வரலையா?"

"ஆளுக வந்திருக்காகல்ல. நேரமாச்சு, சாவியைக் குடுங்க."

 அப்பா சாவியை மடியில் செருகினார், துண்டை உதறித் தோளில் போட்டார், கோட்டையூரைப் பார்க்க நடந்துவிட்டார். பந்தலில் மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. வாசலில் பசுவும் கன்றும் நின்றன. பூட்டை உடைக்கலாம்தான், ஆனால் குடி போகிற அன்றைக்குக் கதவை யார் உடைப்பார்கள்? புழக்கடைப் பக்கமாக நுழைந்தால் ஊர் சிரிக்கும். வீட்டுக்காரர் பந்தலை விட்டு எழுந்து வந்து தட்டை நீட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவர் எழவில்லை. நல்ல நேரம் போய்விட்டது.

கடைசியில் அவருடைய மனைவி, அந்த ஆச்சி, பட்டுப் புடவையோடு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அப்பா எழுந்து நின்று உடனே சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆச்சி தட்டை நீட்டினார்.

"அது ரெண்டு பேரும் சேந்து குடுக்க வேண்டியது ஆச்சி. நீங்க நடந்து வந்ததுக்குச் சாவி. தட்டு எனக்கு வேண்டாம்."

அதோடு எங்களுக்குச் சனி பிடித்தது. வீட்டுக்காரர் போகிற வருகிற இடமெல்லாம் ஆசாரிக்குத் திமிர் என்று சொன்னார். காரைக்குடியில் எந்தப் பெரிய வீட்டு வேலையும் அப்பாவுக்கு வரவில்லை. பயிற்சிப் பள்ளியில் என் இடம் வேறு யாருக்கோ போனது. அப்பா குன்றக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்க் கட்டிலுக்குக் கால் போட்டார், ஏர் செய்தார், மாட்டு வண்டி பழுது பார்த்தார்.

மறு வருடம் கணக்கப்பிள்ளை வந்தார். அப்பா ஒருநாள் அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு 'தெரியாமப் பண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம், அவருக்கும் வேலை. இவ்வளவுதான் சேதி.

அம்மா அழுதாள். "ஒரு வார்த்தைதான. பிள்ளைக்காகச் சொன்னா கொறஞ்சா போயிருவீக?"

 அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. போகச் சொன்னா போயிட்டு வாரேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். ஒரு வருடமாக அப்பாவின் மேல் கோபம் வேறு. அவருடைய வீம்புக்கு நான் வீட்டில் கிடக்கிறேன் என்று எத்தனையோ நாள் சோறு உண்ணாமல் படுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கையில் துண்டைப் பார்த்தேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் அந்த வாசலில் நிற்க, நான் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்ன பாடம் சொல்லிக் கொடுப்பது?

"போக வேண்டாம்பா. துண்டைத் தோள்ல போடுங்க," என்றேன்.

கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பனுக்குத் தப்பாத மக," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு பட்டது சொல்லி மாளாது. தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன், ஊறுகாய் போட்டோம், சில வருடம் கழித்து வெளியூரில் அரசுப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அதற்குள் அப்பாவுக்கு முதுகு கூன ஆரம்பித்துவிட்டது. ஊர் அதைக் காட்டித்தான் தன் பாடத்தைச் சொன்னது. பந்தலை விட்டு எழுந்திருக்காத மனிதரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரசன் செய்தால் செருக்கு, பணக்காரர் செய்தால் கௌரவம், ஆசாரி செய்தால் திமிர். ஆளைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறவர்கள் எனக்கு நீதி சொல்ல வர வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில் நானும் கணவரும் கோட்டையூரில் இரண்டு அறை வைத்து ஒரு சின்ன வீடு கட்டினோம். கதவு அப்பா செய்தது. பால் காய்ச்சுகிற காலையில் சாவியோடு வாசலில் நின்றார். நான் வேட்டி துண்டு வைத்த தாம்பாளத்தை எடுத்துவந்தேன். இடுப்பில் மகன். ஒரு விளிம்பைக் கணவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார், மறு விளிம்பை நான் ஒரு கையால் பிடித்து நீட்டினேன்.

அப்பா கையை நீட்டவில்லை.

"பிள்ளையை எறக்கி விடு. ரெண்டு கையாலயும் குடு," என்றார்.

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "மக வீட்டுலயுமா? இந்தாளுக்கு இன்னும் அடங்கலையே," என்றார் ஒருவர். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான்.

மகனைத் தரையில் இறக்கினேன். அவன் வீறிட்டு அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டைக் கொடுத்தேன். அப்பா வாங்கிக்கொண்டார். புதுத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.