மேரி அக்காவின் பட்டியலில் ஒரே பெயர்

வியாழக்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் மேரி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "ட்ரெயின் லேட்டாக்கா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். பேசியவர் அவருடைய கணவர். விடியும்போது அக்காவுக்கு மாரடைப்பு, திண்டிவனம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விழுப்புரத்தில் எங்கள் சிறிய அலுவலகம் இரத்த வங்கிகளின் குளிர்பெட்டிகளுக்குக் கண்காணிப்புக் கருவி செய்கிறது. குளிர் குறைந்தால் மணி அடிக்க வேண்டும். கருவிக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி. அதில் மெமரி தீர்ந்துபோனால், எல்லாவற்றையும் ஆளும் கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும். ஒருமுறை சோதனையில் மணி அடிக்கும் புரோகிராமையே கொன்றுவிட்டது. அதன் பிறகுதான் அக்கா கெர்னலுக்குள் ஒரு பட்டியல் வைத்தார். அதில் பெயர் இருந்தால் அந்தப் புரோகிராமை எந்தக் கொலைச் சிக்னலும் அண்டாது.

அப்போது ஒருமுறை, ஒரு கருவி மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவைக் கேட்காமல் பட்டியலில் இன்னும் நான்கு பெயர்களைச் சேர்த்தேன். ஒன்று நான் எழுதியது. மதியம் அக்கா வழக்கம்போல மெமரியை வேண்டுமென்றே நிரப்பி, குளிர்பெட்டியின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, எப்போதும் தன் மேசையில் இருக்கும் டப்பாவிலிருந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்தபடி காத்திருந்தார். மணி அடிக்கவில்லை. கெர்னலுக்குக் கொல்ல ஆள் கிடைக்காமல் கருவியே உறைந்து நின்றது. மெமரியைத் தின்றது என் புரோகிராம்தான்.

"எதுக்கும்மா இத்தினி பேரு?"

"முக்கியம்னு நெனச்சேங்கக்கா."

"யாருக்கு? ரத்தத்துக்கா, உனக்கா?"

அக்கா டப்பாவை என் பக்கம் தள்ளினார். "துண்ணு. நானும் இப்படிப் பண்ணிக்கினு இருந்தவதான்."

பட்டியலைத் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் அடித்தார். முதலில் அடித்தது தாம் எழுதிய, திரையில் குளிரின் அளவைக் காட்டும் புரோகிராமை. மரியாதைக்காக அதையும் நான் சேர்த்திருந்தேன். "மணி அடிக்கிறது மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் செத்தா எழுப்பிக்கலாம்."

சாயங்காலச் சோதனையில் மணி அடித்தது. "கதவ மூடுடி, காது போவுது" என்றார். கருவி காலையில் கிளம்பியது.

நேற்று சக ஊழியர் பிரபு, தன் புரோகிராமையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். "மணி அடிக்கிறது மட்டும் இருக்கட்டும்" என்றேன். அக்கா அன்று அதற்கடுத்துச் சொன்ன வாக்கியம் வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். பிரபு சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான்.