காப்பாரில் பார்த்த சப்பான் காலத்துச் சைக்கிள்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காப்பிக் கடைக்கு மகள் அழைத்துப் போனாள். சுவரில் பழைய சைக்கிள் ஒன்றை மாட்டியிருந்தார்கள். காப்பி வருவதற்குள் நான் எழுந்துபோய் அதன் அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாரும் பாக்குறாங்கப்பா, வாங்க லா," என்றாள். நாலு பேர் பார்த்தாலே ஒதுங்கிப்போகும் ஆள் நான். சைக்கிளைக் கண்டால் மட்டும் அது மறந்துபோகும். பார்த்தால், துரு நிறத்தில் பெயிண்ட் அடித்த புதுச் சைக்கிள். ஆனாலும் சங்கிலியில் விட்டிருந்த எண்ணெயின் வாசனை என்னைக் கிள்ளான் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு சீனரின் சைக்கிள் கடையில் வேலை செய்தேன். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்திருந்தது. பழைய சைக்கிள் சேர்க்கும் பைத்தியம் சிலரைப் பிடித்திருந்த நேரம். உலகப் போரில் சப்பான்காரன் மலாயாவுக்குள் சைக்கிளில் வந்தவன் என்பதால் அந்தக் காலத்து வண்டிக்குத் தனி மவுசு. கம்பெனிச் சின்னம், பிரேம் எண், பிரேக் கம்பி எல்லாம் பார்த்து வயதைச் சொல்வேன். உரிந்திருந்தாலும் பழைய பெயிண்டுக்குத்தான் மதிப்பு. ஆசையாகப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவருகிறவர்களிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே ஆபீசில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் என்னைக் காரில் காப்பாருக்கு அழைத்துப் போனார். சைக்கிள் சேர்ப்பவர்; அங்கே ஒன்றை விலைக்குக் கேட்டிருந்தார். ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று. அந்த வீட்டு அக்காவின் அப்பா தோட்டத்துக்குச் சைக்கிளில் தபால் எடுத்து வந்தவர். சப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அக்கா வயிற்றுப் பிள்ளை. அவர் திரும்பவில்லை. போட்டோவும் கிடையாது. சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சைக்கிள்தான் நின்றது.

"இது அவ அப்பாவுதே இல்ல தம்பி. சண்டை முடிஞ்சி அவ மாமா வாங்குனது. டயர பாருங்க. இவ இரும்புக்குச் சூடம் காட்டுறா," என்றார் அக்காவின் கணவர்.

"அப்பாவுதுன்னா குடுக்க மாட்டேன். இல்லன்னா ஏத்திக்கிட்டுப் போங்க," என்றார் அக்கா.

ஒவ்வோர் ஆயுதபூசைக்கும் அக்காவின் அம்மா, உயிரோடு இருந்தவரை, கம்பெனிச் சின்னத்தைப் புளி போட்டுத் துலக்கிச் சந்தனம் வைத்திருக்கிறார். எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. பிரேம் எண் துருவில் போய்விட்டது.

"கம்பெனிப் பேர் தெரியாட்டி ஒருத்தரும் மதிக்காயினம். வடிவாப் பாரும் தம்பி," என்றார் அங்கிள்.

டயரைக் கழற்றினேன். ரிம்மின் பள்ளத்தில் கறுத்துப்போன ரப்பர் ஒட்டிக்கிடந்தது. நகத்தால் கீறியதும் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போடும் புகைக்கொட்டகையின் வாசனை. சப்பான் காலத்தில் டயர் கிடைக்காது. தோட்டத்து ஆட்கள் ரப்பர் ஷீட்டைத் திரித்து ரிம்மில் சுற்றிக் கட்டித்தான் ஓட்டினார்கள்.

"சப்பான் காலத்துல ஓடுன வண்டிதாங்க்கா. டயர் மட்டுந்தான் பின்னால போட்டது."

அங்கிள் உடனே விலையைக் கூட்டினார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"மாமா டயர் போட்டாரு, ஆனா அம்மா யாரையும் இதுல ஏற விடல. அப்பா எவ்ளோ ஒசரம் இருப்பாரு தம்பி? இத வச்சி சொல்ல முடியுமா?"

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. சீட்டுக் கம்பி, அவர் கடைசியாக வைத்த உயரத்திலேயே துருவேறி இறுகியிருந்தது. சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே சாண் வைத்து அளந்தேன். என் காலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கதவு நிலையோரம் நின்று கையைத் தூக்கி, "ஏறக்குறைய இவ்ளோக்கா," என்றேன்.

அக்கா என் கைக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "அவ்ளோ ஒசரமா?"

கணவர் சைக்கிள்மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். அங்கிள் காருக்குப் போய்விட்டார். அக்கா முக்காலி போட்டு ஏறி, நிலையில் அந்த இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

பிறகு தோட்டம் விலைபோய், லயங்களை இடித்துவிட்டார்கள். கதவு நிலையும் அதோடு போயிற்று. அக்கா சைக்கிளோடு அடுக்குமாடிக்குக் குடிபோனார். அங்கே வளர்ந்த பேரன், பாட்டி சந்தோஷப்படுவார் என்று, துருவேறிய சீட்டுக் கம்பியை அறுத்தெடுத்து எறிந்துவிட்டுப் புதுக் கம்பி போட்டுவிட்டான். அக்கா எனக்குப் போன் செய்து, பழைய உயரத்துக்கே சீட்டை வைத்துத் தரச் சொன்னார்.

போனேன். கையைத் தூக்கியும் பார்த்தேன். அக்காவின் அப்பா என்னைவிட உயரம் என்பது நினைவிருந்தது. எவ்வளவு என்பது இல்லை.