மூட்டத்தில் கேட்ட இரைச்சல்

அப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே, சின்ன விமானங்கள் ஏறி இறங்கும் மைதானம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய மண் ரோட்டில்தான் பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றிப்போகும் லொறி வரும். லொறியைத் தவறவிட்டால் கொழுந்து மூட்டையை நாங்களே மலைமேல் சுமக்க வேண்டும். அதனால் பனிமூட்டத்தில் இரைச்சல் கேட்டால், அந்தப் பக்கமே ஓடி, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து வீசி நிறுத்துவோம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பக்கத்துத் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது.

"வாங்க மதினி, லொறி போயிரும்" என்று அண்ணன் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

காலடியில் ரோட்டு மண் இல்லை, மைதானத்துப் புல். அது உறைப்பதற்குள் எதிரே வெள்ளையாக விமானத்தின் மூக்கு. மதினியை இழுத்துக்கொண்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். எழும்ப ஓடிவந்த விமானம் எங்களைக் கண்டு விலகி, தேயிலைக்குள் போய்ச் சாய்ந்தது.

விமானி நெற்றியில் ரத்தத்தோடு இறங்கி வந்தார். "இந்த மூட்டத்துல நான் கெளம்பியிருக்கக் கூடாதும்மா" என்றார்.

மதினி, "நாங்க லொறின்னுல்ல ஓடியாந்தோம்" என்றார்.

இப்போது லொறியின் விளக்கு வெளிச்சம் கண்ணில் படும்வரை நான் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. அதனாலேயே இரண்டு தடவை லொறி போய்விட்டது. மூட்டையோடு மலையேறினோம். மதினிதான் முதலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.