டோப்பாக்காரரும் தம்பியும்

எதிரே வருவது தன்னிடம் முடி வாங்கிய ஆள் என்று தெரிந்துவிட்டால், டோப்பாக்காரர் சட்டென்று நின்று செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார். வார் நன்றாகத்தான் இருக்கும். அந்த ஆள் தாண்டிப் போகும்வரை குனிந்தே இருந்துவிட்டு, பிறகு நிமிர்ந்து பின்னந்தலையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். பிடரி ஓரம் தூக்காமல் படிந்திருந்தால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அவருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தெருவில் உள்ள உறவு அவ்வளவுதான். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால், தலையில் இருப்பது சொந்தச் சரக்கில்லை என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடுமே.

"நம்மளப் பாத்தா அவங்களுக்குத் தர்மசங்கடம். நாமளே ஒதுங்கிட்டா வம்பில்ல" என்பார். அப்படி ஒதுங்கி ஒதுங்கியே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்.

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்கள் அங்கே இரண்டு கண்ணாடி ஃபிரேம்களை மாட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, ஆள் யாரும் கவனிக்காத நேரத்தில் மாடியேறுவார்கள். மேலே ஒரு திரை, ஒரு நாற்காலி, அலமாரி நிறையக் கண்ணும் மூக்கும் இல்லாத மரத்தலைகள். தூண்டில் முள்போல முனை வளைந்த ஊசியால் மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுவார். நெற்றி வரிசைக்கு வந்துவிட்டால் மூச்சுக்கூட மெதுவாகத்தான் வரும். அவருக்கோ தலை நிறைய முடி. புதிதாக வருகிற எல்லாருக்கும் அதன்மேல் சந்தேகம். "இழுத்துப் பாத்துக்கங்க" என்று தலையை நீட்டிவிடுவார். சிலர் நிஜமாகவே இழுத்துப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை.

கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று வெளியூரில் இருக்கும் அவருடைய அக்காவைக் கேட்டால் அரைமணி நேரம் சொல்வாள். அவரைக் கேட்டால், "அது அப்படியே போயிடுச்சு" என்பார். "பூட்டின வீட்டத் தெறந்து பூட்டின வீட்டுக்குள்ளயே போறியேடா, ஒரு ஜீவனையாவது வச்சுக்கோயேன்" என்று அக்கா நச்சரித்ததன் பேரில்தான் பட்ஜிக் கிளி வந்தது. பச்சை உடம்பு, மஞ்சள் முகம், விரலளவு அதிகாரம். எல்லாரும் லவ் பேர்ட்ஸ் என்று ஜோடியாக வாங்கிப்போகும் பறவையை இவர் ஒற்றையாக வாங்கிவந்தார். தனி ஆள் வீட்டுக்கு ஒன்று போதுமென்று கணக்கு. பெயர், தம்பி.

தம்பிக்கு அவர் ஒரே ஒரு சொல்லைத்தான் கற்றுக்கொடுத்தார். காலையும் மாலையும் கூண்டருகே முகத்தை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி, தொண்டை கட்டி, அக்காவிடம் திட்டு வாங்கி, கடைசியில் ஒருநாள் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து கீச்சுக் குரலில் கேட்டது: "வந்துட்டீங்களா?"

"அதென்னடா, கிளிகிட்டயும் மரியாதை கேட்டு வாங்கிட்டியா?" என்று அக்கா போனில் சிரித்தாள்.

"வேற யார்கிட்ட வாங்கறது?" என்றார் இவர். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இறகு உதிர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதலில் கூண்டுத் தட்டில் பஞ்சுபோல ஒன்றிரண்டு. பருவத்துக்கு உதிர்வதுதானே என்று விட்டுவிட்டார். பிறகு பார்த்தால், தம்பியே அலகால் நெஞ்சிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து நாளில் நெஞ்சில் ஓர் இடம் மொட்டையாகி, கறிக்கடைக் கோழிபோலத் தோல் தெரிந்தது. வழுக்கையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? உதிர்ந்த இறகுகளையெல்லாம் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தார். நெற்றிக்குப் போடும் மெல்லிய வலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி, அதில் தம்பியின் இறகுகளையே கோத்து, கழுத்திலும் முதுகிலும் நூல்கட்டு வைத்து ஒரு சட்டை தைத்தார். எவ்வளவோ பேருக்குச் செய்திருக்கிறார். இத்தனை ஆசையாக யாருக்கும் செய்ததில்லை.

மாட்டிவிட்டதும் தம்பி விருந்துக்கு வந்த மாப்பிள்ளைபோல அசையாமல் உட்கார்ந்திருந்தது. வீடியோவில் பார்த்த அக்காவுக்கு எது சட்டை, எது உடம்பு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று டோப்பாக்காரர் சீட்டியடித்தார் என்று பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அம்மாள் சொல்கிறாள்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது சட்டை நார்நாராகக் கிடந்தது. கோத்த இறகுகளைப் பிடுங்கி முடித்த கையோடு, மிச்சமிருந்த சொந்த இறகுகளையும் தம்பி பிடுங்கியிருந்தது. நெஞ்சில் ரத்தம்.

பறவை மருத்துவர் நிதானமான பெண்மணி. பேன் இருக்கிறதா என்று பார்த்தார், எச்சத்தைச் சோதித்தார், தீனியை விசாரித்தார், இறகுச் சட்டை தைத்த கதையையும் கேட்டுக்கொண்டார். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை.

"பகல்ல இதுகூட யாரு இருப்பாங்க?"

"ரேடியோ போட்டுட்டுப் போவேன், டாக்டர்."

"ரேடியோ, இது கூப்பிட்டா பதில் சொல்லாதே. மறைக்கறதுக்கு இது தலைமுடி இல்ல சார். தனியா இருக்க முடியாமப் பிச்சுக்குது. இன்னொரு பறவை வாங்கி விடுங்க."

அவர் கொஞ்ச நேரம் கூண்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு வந்தா... இது பேசுமா?"

"குறைஞ்சிடும். நின்னாலும் நின்னுடும். அதுக்கு அப்புறம் நீங்க தேவைப்படமாட்டீங்க, நல்லதுதானே?"

மருத்துவர் ஆறுதலாகத்தான் சொன்னார். தம்பியின் உடம்பு தேறவேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் போய்விட்டால் உலகத்தில் அவரை எதிர்பார்த்து யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

தள்ளிப்போட்டார். கடையில் வேலை நெருக்குகிறது என்றார். மழை விடட்டும் என்றார். தீனியை மாற்றினார், மணி கட்டினார், கண்ணாடித் துண்டு தொங்கவிட்டார். மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். கொஞ்சம் குறைவது மாதிரி இருக்கும், மறுபடி ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் மாலை அவர் கதவைத் திறந்தபோது தம்பி சிறகுக்கடியில் ஒன்றைப் பிடுங்கி அலகில் வைத்திருந்தது. அடியில் சிவப்பு தெரிந்த புது இறகு. இவரைப் பார்த்ததும், கேட்பதற்காக வாயைத் திறந்தது. இறகு கீழே விழுந்தது. "வந்துட்டீங்களா?" அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றுவரை தான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. அவமானமாக இருந்தது.

மறுநாள் கடை திறக்காமல் போய், நீலநிறத்தில் ஒரு பெட்டை பட்ஜியை வாங்கிவந்தார். மருத்துவர் சொன்னபடி ஒரு மாதம் வேறு அறையில் தனியாக வைத்திருந்து, பிறகு இரண்டு கூண்டுகளையும் கதவோடு கதவு ஒட்டி வைத்தார். தம்பி பகலெல்லாம் அந்தப் பக்கத்துக் கம்பியிலேயே தொற்றிக்கொண்டு எதையோ வளவளவென்று சொல்லிக்கொண்டிருந்தது. அது அவர் கற்றுக்கொடுத்த பாஷையில்லை. நெஞ்சில் முள்முள்ளாக இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. மாலையில் அவர் வந்தால் இன்னும் கேட்கிறதுதான். ஆனால் தலையை மட்டும் திருப்பி, போகிற போக்கில்.

இரண்டையும் ஒன்றாக விடலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று வழக்கம்போல வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தார். கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மறுபடி வெளியே போய், கதவைப் பூட்டி, சற்று நின்று, திறந்து உள்ளே வந்தார். தம்பி இப்போதும் கேட்டது. மூன்றாவது தடவை அவர் பூட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த டைப்பிஸ்ட் அம்மாள் மாடிப்படியில் நின்று, "என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள்.

"ஆமாங்க, ஒரு நிமிஷ வேலை" என்றார்.

உள்ளே போனார். தம்பி இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்டது. "வந்துட்டேன் தம்பி, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கூண்டுக்கும் நடுவிலிருந்த கதவுகளை விரலால் மெதுவாக மேலே தூக்கினார்.